சுவர் தவிர

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பையில் படுகிறது. தப்பாக நினைக்காதீர்கள். தேங்காயா? இல்லை இல்லை. ஆபீஸ் சம்பந்தமான பொருள். ஆதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓடைக்கரைப்பட்டி விலக்கில் இறங்க வேண்டும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். ஆமாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான். ரிஜிஸ்டர் வேலை கொஞ்சம் பாக்கி.

முன்னால் செவல்குளத்தில் இருந்தேன். பதினோரு வருஷம். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை எழுதிக்கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து. அப்படிப்பட்ட என்னை இந்தக் காட்டுக்குத் தூக்கி அடித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒரு பொம்பளை. பெயர் வேலுத்தாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய கையெழுத்தை ஒரு கையெழுத்தாக ஆக்கியதே நான்தான். அதை வைத்துத்தான் என்னைக் கவிழ்த்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் புரியும்.

போன ஜூன் மாதம். எங்கேயோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்து மேற்கூரை பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, விடுமுறை நாள். உடனே எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் உத்தரவு வந்தது: பாதுகாப்பை உறுதிப்படுத்துக. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லமாட்டேன். போனில் ஒரு செயலி. அதில் நாற்பத்திரண்டு கேள்வி. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். பாம்புப் புற்று உண்டா, கிணற்றுக்கு மூடி உண்டா, மின்கம்பி தொங்குகிறதா, இப்படி. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு காட்டும். பச்சை காட்டிய பள்ளிகளை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தேறினால் ‘பாதுகாப்பான பள்ளி’ என்று கேடயம். அந்த வட்டாரத்துக்கே ஒன்றுதான். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பதினோரு வருஷம் உழைத்தவன் ஒரு கேடயத்துக்கு ஆசைப்படக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.

பதினாறு கேள்வி வரைக்கும் சுகமாகப் போனது. பதினேழாவது கேள்வி: ‘வளாகத்தில் பழுதடைந்த கட்டடமோ சுவரோ உள்ளதா?’

இருந்தது. நான் மறைக்கவில்லை. பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றை நான் போவதற்கு முன்னாலேயே இடித்திருந்தார்கள். எஸ்டிமேட்டில் மூன்று சுவரை இடிக்க என்று போட்டிருந்ததாம். நாலாவது சுவரைக் காம்பவுண்டுச் சுவர் என்று யாரோ கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதனால் மேற்குச் சுவர் மட்டும் தனியாக நின்றது. முப்பதடி நீளம், பன்னிரண்டு அடி உயரம். மண் சாந்து வைத்துக் கட்டியது. வருஷக்கணக்காக நிற்கிற சுவர்.

நான் உண்மையாகத்தான் ‘ஆம்’ என்று அமுக்கினேன். அமுக்கினால், பொறியாளர் சான்று எண் கேட்கிறது. எண் இல்லாமல் பதினெட்டாவது கேள்வி திறக்கமாட்டேன் என்கிறது. பொறியாளருக்கு மூன்று தடவை எழுதினேன். அந்தக் கட்டடம் எங்கள் ஆவணத்தில் முழுவதும் இடிக்கப்பட்டுவிட்டது, இல்லாத சுவருக்குச் சான்று தர இயலாது என்று பதில் வந்தது. கடைசித் தேதி நெருங்குகிறது. மீதி இருபத்தைந்து கேள்வி வெளியே காத்துக்கிடக்கிறது. என்ன செய்ய? ‘இல்லை’ என்று அமுக்கினேன். சட்டென்று திறந்துகொண்டது. கடைசியில் பச்சை விளக்கு. பொறியாளரே இல்லை என்று சொல்லும்போது நான் மட்டும் உண்டு என்றால் அது அகம்பாவம் இல்லையா?

அதோடு, அந்தச் சுவரை நான் சும்மாவும் விடவில்லை. வெடிப்பை எல்லாம் சிமெண்டு வைத்துப் பூசி, வெள்ளையடித்து, முருகையா என்று ஒரு பெயிண்டரைப் பிடித்து, பத்துப் பாதுகாப்பு விதிகளை எழுதச் சொன்னேன். பொதுமக்கள் பார்வையில் படும்படி எழுத வேண்டும் என்பது உத்தரவு. ரோட்டைப் பார்த்த அகலமான சுவர் அது ஒன்றுதான். ரோட்டுப் பக்கம் பெரிய எழுத்தில், பிள்ளைகள் பக்கம் அதே பத்து விதி. உள்பக்கம் சுவரில் பாதி சொரசொரப்பு, பூச்சு நின்ற இடத்தில்தான் எழுத முடிந்தது. எழுத்து கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அதனால் காலைப் பிரார்த்தனையை அந்தச் சுவருக்கு முன்னால் மாற்றினேன். அறுபத்து மூன்று பிள்ளைகளும் நெருங்கி நின்று ஒரே குரலில் வாசிப்பார்கள். ஆறாவது விதி, ‘பழைய சுவர்களின் அருகில் நிற்கக் கூடாது.’ அதைத்தான் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லும். கேட்கவே நன்றாக இருக்கும்.

இப்போது வேலுத்தாய்க்கு வருகிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு, தெரியும்தானே? பெற்றோர்களில் ஒருவர்தான் தலைவராக இருக்க வேண்டும். வேலுத்தாயின் மகள் நாலாம் வகுப்பு. வேலுத்தாய் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறவள். வாயைத் திறக்காதவள் என்று நான்தான் அவள் பெயரை முன்மொழிந்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். கோணலும் மாணலுமாக இருந்ததை உட்கார வைத்து நேராகப் போடப் பழக்கினேன்.

பாதுகாப்புத் தீர்மானத்தில் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டேன். வேலை முடிந்து நேராக வந்தாள், தலையில் சும்மாடுகூட அவிழ்க்காமல். நோட்டைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், இந்தச் சொவரு தூக்குல இல்ல.”

“என்னம்மா?”

“சாஞ்சிருக்கு சார். பிள்ளைங்க பக்கமா.”

“பார்வைக்கு அப்படித்தான் தெரியும். வெள்ளையடித்ததால் வந்த தோற்றம்” என்றேன்.

அவள் கொத்துப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தாள். நூலில் இரும்புக் குண்டு தொங்கும், பார்த்திருப்பீர்கள். பெஞ்சைப் போட்டு ஏறி, எட்டின உயரத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு குண்டை இறக்கினாள். அது அடியில் சுவரை விட்டுத் தள்ளி ஆடிக்கொண்டு நின்றது. கை விரலை இடையில் வைத்துக் காட்டினாள்.

“நாலு விரக்கடை சார். இந்த உசரத்துக்கே நாலு.”

“ஏம்மா, நாற்பத்திரண்டு கேள்வியில் தூக்குக்குண்டு பற்றி ஒரு கேள்வியாவது இருக்கிறதா?”

“கேள்வியில இல்லாட்டி விழாதா சார்?”

பார்த்தீர்களா பேச்சை? இவளைத்தான் வாயில்லாதவள் என்று நினைத்தேன். அரசாங்கச் சுவர் அம்மா, நாமாக இடித்தால் குற்றம், இடிக்க வேண்டும் என்றால் அது ஆவணத்தில் இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

“அப்ப பிள்ளைங்களயாச்சும் தள்ளி நிக்க வையுங்க.”

“தள்ளி நின்றால் விதி எப்படித் தெரியும்?”

கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள். மறுநாள் அவள் மகளிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. நான் பழக்கியதுபோலவே, நேராக. அதற்கு மேல் இரண்டு வார்த்தை: ‘சுவர் தவிர.’

செயலியில் ஏற்ற அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். கையெழுத்துக்கு மேல் இருந்த வரி கொஞ்சம் விட்டுப்போய்விட்டது. பழைய போன்.

அடுத்த திங்கள்கிழமை பிரார்த்தனைக்கு மணி அடித்தோம். பிள்ளைகள் வந்து, வேப்பமரத்தோடு நின்றுவிட்டார்கள். சுவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருபதடி. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. செருப்பு எல்லாம் மரத்தடியில் வரிசையாகக் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால், சுவரின் அடியில் ஒரு புதுச் செங்கல். மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலை சொருகி.

“யார் வேலை இது?”

எங்கள் ஜெசிந்தா டீச்சர்தான் மெதுவாக, “சுவரடி அம்மனாம் சார். நேத்து ராத்திரி வேலுத்தாய்க்குக் கனவுல வந்துச்சாம்” என்றார்.

நான் அறிவியல் ஆசிரியர் தம்பி. இருபது வருஷம் அறிவியல் மன்றம் நடத்தியவன். கற்பூரத்தைக் கையில் ஏந்தி, சுடாது என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியவன். நேராகப் போய், செருப்புக் காலோடு, அந்தச் செங்கலைத் தூக்கி வேலிக்கு வெளியே வீசினேன். அறுபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். வைரஸ் காய்ச்சல். டாக்டர் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நாலு நாளில் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? திரும்பிப் போனால், அதே செங்கல் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது எலுமிச்சம்பழமும் சேர்ந்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகிற பெண்கள் வண்டிக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் தூக்கி எறிந்ததில்தான் அந்த அம்மனுக்குச் சக்தியே வந்ததுபோல ஆகிவிட்டது.

வேலுத்தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

“உண்மையைச் சொல். கனவில் வந்ததா?”

“கனவு எங்க சார் வருது? செங்கச் சுமந்துட்டுப் போய்ப் படுத்தா பொணம் மாதிரி தூங்குறேன்.”

“பிறகு?”

“வேல பாக்குற எடத்துல மிஞ்சின கல்லு. மஞ்சளு எங்க வீட்டு மஞ்சளு.” கூசாமல் சொல்கிறாள். “நீங்க ‘நிக்கக் கூடாது’ன்னு எழுதிப் போட்டு, பக்கத்துல நிக்க வச்சு வாசிக்கச் சொல்றீக. நான் ஒண்ணும் எழுதல. பிள்ளைங்க தள்ளி நிக்குதுல்ல?”

“அரசுப் பள்ளிக்கூடத்தில் மூடநம்பிக்கையைப் பரப்புகிறாய். இது எவ்வளவு பெரிய தப்புத் தெரியுமா?”

“தெரியும் சார். சொவர இடிங்க, நானே கல்லைத் தூக்கிட்டுப் போயிருதேன்.”

இப்படிப் பேசுகிறவளிடம் அறிவியல் எடுபடுமா? நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகள் வராவிட்டால் போகட்டும், நான் வருகிறேன் என்று, தினமும் பிரார்த்தனை நேரத்தில் சுவரோடு சுவராகப் போய் நின்று, பிரம்பால் ஒவ்வொரு விதியாகத் தொட்டுக் காட்டி நானே வாசித்தேன். செருப்புக் காலோடுதான். ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான். அவர்கள் விதியைக் கவனிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் அதிகாரி வந்தார். மாலை, வரவேற்பு, எல்லாம் குறையில்லாமல் செய்தேன். நேராகச் சுவரைப் பார்க்க வந்தார். பத்து விதியையும் பார்த்து, பரவாயில்லையே என்றார். பிறகு கண் கீழே போனது. சட்டென்று ஷூவைக் கழற்றினார். இருபதடி தள்ளியே நின்று கைகூப்பினார்.

“என்ன சாமி சார்?”

“சாமி இல்லை சார். செங்கல்.”

“அப்படி எல்லாம் சொல்லாதீங்க” என்று என்னை முறைத்தார். போட்டோவும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். விதி ஒன்றும் படத்தில் தெரியவில்லை. செங்கல் தெரிந்தது. ஒரு வாரத்தில் மெமோ வந்தது: ‘பள்ளி வளாகத்தில் வழிபாட்டுத் தலம் அமைய அனுமதித்தது ஏன்?’ கும்பிட்டவரும் அவர்தான், கேட்டவரும் அவர்தான். கேடயம் வேறு ஒரு ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கிணற்றுக்கு மூடிகூடக் கிடையாது. எனக்குத் தெரியும்.

மனம் விட்டுப்போயிற்று தம்பி. அதற்குப் பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லை. ஆனாலும் பிரார்த்தனையை மட்டும் விடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் ஓயாமல் பெய்தது. நாலாம் நாள் புதன்கிழமை, மழை விட்டு வெறித்திருந்தது. ஒன்பது இருபதுக்கு மணி. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஈரத்தில் நிற்கிறார்கள். நான் பிரம்பை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து ஜெசிந்தா டீச்சர் கூப்பிட்டார்.

“சார், செருப்பு.”

“என்ன?”

“இன்னைக்கு ஒரு நாள் கழட்டிட்டுப் போங்க சார். பிள்ளைங்க பயந்து அழுதுங்க. ஒண்ணாப்புப் பிள்ளைங்க ரெண்டும் அழுதுட்டே நிக்குது.”

அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர் சொல்கிறார் பாருங்கள். சிரிப்புத்தான் வந்தது. பிரார்த்தனை நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்று திரும்பி மரத்தடிக்கு வந்து, குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினேன். வாரில் சகதி. மற்றது வரவில்லை. இழுத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை தம்பி. நெல் மூட்டையை இறக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், சுவர் இருந்த இடத்தில் ரோடு தெரிகிறது. ரோட்டில் ஒரு மாட்டுக்காரர் நின்று என்னைப் பார்க்கிறார். நடுவில் ஒன்றுமில்லை. சரிந்த செங்கல் எங்கள் காலுக்கு மூன்றடி முன்னால் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

வேலுத்தாய் வேலை பார்த்த இடம் பக்கத்துத் தெருதான். சாந்துக் கையோடு ஓடி வந்தாள். தன் பிள்ளையைத் தேடவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அறுபத்து மூன்று பேர் தலையிலும் சாந்து. பிறகு ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தாள். பிறகு என்னை. ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். “அறுவத்தஞ்சு” என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே! நான் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கே அறிக்கையிலும் எழுதினேன்: ‘காயமடைந்தோர்: இல்லை.’ பதினோரு வருஷமாக எழுதிவந்த அதே வார்த்தை. அதை ஒருவரும் பாராட்டவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதினேழாவது கேள்விக்கு நான் என்ன அமுக்கினேன்? ‘இல்லை.’ இப்போது போய்ப் பாருங்கள், சுவர் இருக்கிறதா? இல்லை. என் பதில் சரியா தப்பா? விசாரணையில் இதைச் சொன்னேன். மூன்று பேர் இருந்தார்கள், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் கையெழுத்துப் போட்ட நோட்டில் ‘சுவர் தவிர’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றல் போட்டுவிட்டார்கள்.

ஊரில் அந்த இடத்தில் கோயில் கட்ட வேண்டும் என்று ஒரே பேச்சு. வேலுத்தாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் வச்ச கல்லு. போய் அந்தக் காச வச்சு ஒரு கக்கூசு கட்டுங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். இப்போது ஊரே அவளைத் திட்டுகிறது, சாமியைப் பழிக்கிறாள் என்று. அன்றைக்கு என்னிடம் சொன்னதைத்தான் இன்றைக்கு அவர்களிடமும் சொல்கிறாள். திமிர்.

ஆமாம். அதுதான் பையில் இருப்பது. அந்தச் செங்கல்தான். அத்தனை கல்லுக்கு நடுவில் மஞ்சள் தெரிந்தது. ஒரு மூலைகூட உடையவில்லை. விசாரணையில் ஆதாரமாகக் காட்ட எடுத்து வைத்தேன். விசாரணை முடிந்துவிட்டதா என்றா கேட்கிறீர்கள்? முடிந்து நாலு மாதம் ஆகிறது. மறுபடி திறந்தாலும் திறப்பார்கள். அரசாங்க விஷயம், சொல்ல முடியாது.

ஓடைக்கரைப்பட்டிப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். நாற்பத்தோரு பிள்ளைகள். உள்ளே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, நாலு காலில் நிற்கிறது. காலில் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிகிறது. அதன் நிழலில்தான் பிள்ளைகள் சத்துணவு சாப்பிடும், வேறு நிழல் இல்லை. இருபத்து மூன்றாவது கேள்வி: ‘மேல்நிலைத் தொட்டி பாதுகாப்பாக உள்ளதா?’ ‘இல்லை’ என்று அமுக்கினால் சான்று எண் கேட்கிறது. எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். நடவடிக்கையில் இருக்கிறதாம்.

அந்தச் சின்னப் பொட்டலமா? மஞ்சள்பொடி. பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். செங்கலில் பூசியது உதிர்ந்துபோய்விட்டது. ஆதாரம் என்றால் கைப்பற்றிய நிலையிலேயே இருக்க வேண்டாமா? குங்குமம் வீட்டிலேயே இருந்தது.

இதோ விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், இறக்கம் இருக்கு! கொஞ்சம் கை கொடுங்கள் தம்பி, பையைப் படிக்கட்டு வரைக்கும் தூக்கிக் கொடுத்தால் போதும். முதுகு பிடித்திருக்கிறது.

இருங்கள், இருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்.